'இது எதுக்கு சித்தி?'

போன பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் மொட்டைமாடியில் அக்கா பொண்ணு கராத்தே பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த வாரம் பெல்ட் டெஸ்ட். எதிரே அண்ணாமலை. மலைக்கு முதுகைக் காட்டி நின்று, "இச், நி, சான், ஷி" என்று தனக்குத் தானே எண்ணிக்கொண்டு கையையும் காலையும் வீசிக்கொண்டிருந்தாள்.

துணி எடுக்க வந்த அம்மா சிரித்தாள். "யாருமே இல்லாத எடத்துல யாரோடடி சண்டை போடுற?"

"இது சண்டை இல்ல ஆயா, கட்டா."

அவள் செய்துகொண்டிருந்தது 'ஹெயான் ஷோடான்'. ஷோட்டோகான் கராத்தே படிக்கும் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே கற்கும் கட்டா. மொத்தம் 21 அசைவுகள். இடது பக்கம் திரும்பிக் கீழே தட்டு, ஒரு அடி முன்னால் வைத்துக் குத்து, பின்பக்கம் திரும்பித் தட்டு, அப்புறம் நாலாவது அசைவு. முன்னால் இருக்கும் காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, கையைத் தலைக்கு மேல் வட்டமாகச் சுற்றி, சுத்தியல் மாதிரி மேலிருந்து கீழே இறக்க வேண்டும்.

அந்த நாலாவது அசைவில் அவள் நின்றுவிட்டாள். "இது எதுக்கு சித்தி? மத்ததெல்லாம் தட்டுறது, குத்துறதுன்னு புரியுது. இது மட்டும் ஏன் காலைப் பின்னாடி இழுத்துட்டு கையைச் சுத்தணும்?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால், அந்தக் கட்டாவைக் கற்றுக்கொண்டு பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நடுவில் என்ன நடந்தது என்பதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன்

நான் கராத்தேயில் சேர்ந்தது ஏழாம் வகுப்பில். தெருமுனைக் கல்யாண மண்டபத்தின் பின்பக்க முற்றத்தில் காலை ஐந்தரை மணிக்கு கிளாஸ். பெண்பிள்ளைக்குத் தைரியம் வரும் என்று அப்பாதான் சேர்த்துவிட்டார். ஐந்து வருஷம் போனேன். வெள்ளை பெல்ட்டில் தொடங்கி பிரவுன் வரைக்கும் வந்தேன்.

எனக்குக் கட்டா நன்றாக வரும். நிமிர்ந்த முதுகு, மடங்காத பின்னங்கால், திரும்பும்போது 'டப்' என்று சத்தம் கேட்கும் யூனிஃபார்ம். போட்டிகளில் மெடல் வாங்கினேன். ஆனால், அந்த ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட, 'இந்த அசைவை எப்போது, யார் என்ன செய்தால் பயன்படுத்த வேண்டும்?' என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒருமுறை கேட்டேன். "முதல்ல ஒழுங்கா பண்ணு. கேள்வி அப்புறம்" என்று பதில் வந்தது. அந்த 'அப்புறம்' வரவே இல்லை. பெல்ட் டெஸ்ட்டும் அதற்கான ஃபீஸும் மட்டும் தவறாமல் வந்தன.

கட்டா என்றால் கராத்தேக்குள் இருக்கும் டான்ஸ் என்றுதான் நானும் நினைத்தேன். மார்க் வாங்குவதற்கு அது. சண்டைக்கு 'குமிதே' என்று தனியாக ஒன்று இருக்கிறது.

கிரிவலத்தில் ஒரு கை

காலேஜ் இரண்டாம் வருஷம். பௌர்ணமி கிரிவலம். 14 கிலோமீட்டர் சுற்று. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பாதை வீட்டு வாசல் மாதிரி. இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கத்தையும் தூக்கத்தில்கூட வரிசையாகச் சொல்வோம். அன்று தோழிகளோடு போயிருந்தேன். வாயு லிங்கம் தாண்டிய பிறகு கூட்ட நெரிசலில் அவர்கள் பத்தடி முன்னால் போய்விட்டார்கள்.

பக்கத்திலிருந்து ஒரு கை வந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்தது.

தெரியாமல் பட்ட கை இல்லை. அழுத்தமான பிடி. ஓரமாக இழுத்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தவில்லை. கையை உதறவில்லை. உடம்பு அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சில விநாடிகள்தான் இருக்கும். எனக்கு அது ரொம்ப நேரம்.

பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு வயதான அம்மா பார்த்துவிட்டார். கையில் துணிப்பை, நெற்றி நிறைய விபூதி. "ஏய்! யார்ரா நீ? விடுறா கைய!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டார். சுற்றி நடந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பிடி விட்டது. அந்த ஆள் கூட்டத்துக்குள் மறைந்துபோனான். "ஒண்ணும் இல்ல கண்ணு, என் கூடவே நட" என்று அந்த அம்மா கடைசிவரை என்னோடு வந்தார். அவர் பேர்கூட நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தேன். மணிக்கட்டில் சிவப்புத்தடம் மறுநாளே போய்விட்டது. போகாதது வேறு. 'அஞ்சு வருஷம் கராத்தே படிச்சியே, எங்கடி போச்சு?' என்ற கேள்வி. மெடல்களை எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றினேன். அப்பா கேட்டதற்கு, "தூசி படியுதுப்பா" என்றேன்.

எதிராளி இல்லாமல் தங்கம்

அதன் பிறகு கராத்தேயை நான் திரும்பிப் பார்த்தது வேலை காரணமாகத்தான். கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தது. ஒலிம்பிக்கில் கராத்தே அறிமுகமானது அப்போதுதான். டிஜிட்டல் டெஸ்க்கில் நான் புதுசு. வீட்டிலிருந்தே வேலை. ஆகஸ்ட் 5-ல் பெண்கள் கட்டாவில் ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸ் தங்கம் வாங்கினார். மறுநாள் ஆண்கள் பிரிவில் ஜப்பானின் ரியோ கியூனா. மறைந்த தன் அம்மாவின் புகைப்படத்தைக் கையில் ஏந்தி மேடையில் நின்றார்.

செய்தி எழுதச் சொன்ன சீனியர், "எதிர்ல ஆளே இல்லியேம்மா, எப்படித் தங்கம் குடுக்குறாங்க?" என்று கேட்டார். அம்மா மொட்டைமாடியில் கேட்ட அதே கேள்வி. பிரவுன் பெல்ட் வாங்கிய எனக்கும் பதில் தெரியவில்லை. செய்தியைப் போட்டுவிட்டு, அன்று ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

கியூனாவின் சொந்த ஊர் ஒகினாவா. ஜப்பானின் தென்கோடியில் இருக்கும் தீவுக்கூட்டம். கராத்தே பிறந்த இடம். அங்கே பழைய காலத்தில் ஆசான்கள் சில சீடர்களுக்கு மட்டும், பெரும்பாலும் வெளியே தெரியாமல் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எழுதி வைத்தது மிகக் குறைவு. பிடித்தால் எப்படி விடுவிப்பது, தள்ளினால் எங்கே நகர்வது, எப்படி விழத்தட்டுவது என்று தெரிந்ததையெல்லாம் ஒரு வரிசையாகக் கோத்து உடம்பில் பதிய வைத்தார்கள். அந்த வரிசைதான் கட்டா. நம் சிலம்பத்தில் காலடி வரிசை இருப்பது போல, குத்துவரிசை என்ற பெயரிலேயே வரிசை இருப்பது போல.

இந்தக் கலையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் அன்கோ இதோசு. 1900-களின் தொடக்கத்தில் ஒகினாவா பள்ளிகளில் கராத்தே நுழைந்தது. பிள்ளைகளுக்காகப் பழைய கட்டாக்களிலிருந்து எடுத்து அவர் அமைத்தவைதான் ஐந்து 'பினான்' கட்டாக்கள். அவருடைய மாணவர்களில் ஒருவரான கிச்சின் ஃபுனகோஷி 1922-ல் டோக்கியோவுக்குப் போய் கராத்தேயைச் செய்துகாட்டினார். அங்கேயே தங்கி அதைப் பரப்பினார். பினானுக்கு ஜப்பானிய உச்சரிப்பில் அவர் வைத்த பெயர் 'ஹெயான்'. திருவண்ணாமலை மொட்டைமாடி வரைக்கும் வந்தது அதுதான்.

இதோசு 1908-ல் கல்வித்துறைக்கு எழுதிய கடிதத்தில் கராத்தே பற்றிப் பத்துக் குறிப்புகள் இருக்கின்றன. அதில் ஒன்று என்னை உலுக்கியது. ஒவ்வொரு அசைவையும் திரும்பத் திரும்பப் பழகுவதோடு, அதன் விளக்கத்தையும், எந்தச் சமயத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். நான் கேட்ட கேள்வி அதிகப்பிரசங்கித்தனம் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. நூறு வருஷத்துக்கு முன்பே பாடத்திட்டத்தில் இருந்திருக்கிறது.

அந்த விளக்கத்துக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் சொல் 'புன்காய்'. 'பிரித்துப் பார்ப்பது' என்று அர்த்தம். உலக சாம்பியன்ஷிப் போட்டிகளில் குழுவாகக் கட்டா செய்பவர்கள், பதக்கச் சுற்றில் அந்த அசைவுகளைத் தங்களுக்குள் ஒருவர்மேல் ஒருவர் செய்துகாட்ட வேண்டும் என்பது விதி. நான் வாங்கிய எந்த மெடலுக்கும் அதை யாரும் கேட்கவில்லை.

"இடுப்புல இருக்கிற கை சும்மா இல்ல"

ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். சிலம்பமும் கராத்தேயும் இரண்டும் தெரிந்தவர். போர்டு கிடையாது. தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பார். லாக்டௌன் தளர்ந்ததும் அவரைத் தேடிப் போனேன். என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லவில்லை. "யாராவது கையைப் பிடிச்சா என்ன செய்யணும் மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டேன்.

"என்ன கட்டாம்மா தெரியும்?"

"ஹெயான் ஷோடான்ல இருந்து எல்லாம் தெரியும்."

"ஷோடானே போதும். செய்."

மூன்றாவது அசைவு முடிந்து என் வலது கை கீழே தட்டிய நிலையில் நின்றபோது, "நில்லு" என்றார். நேரே வந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். எனக்கு உடம்பு சில்லிட்டது. அவர் கவனித்திருக்க வேண்டும். பிடியைத் தளர்த்தி, மெதுவாகச் சொன்னார். "பயப்படாத. இப்ப நாலாவதைச் செய்."

காலைப் பின்னுக்கு இழுத்தேன். கையை வட்டமாகச் சுற்றினேன். அவர் பிடி தானாகக் கழன்றது. சுற்றி வந்த என் கை, அவருடைய முன்னங்கை மேல் இறங்கத் தயாராக நின்றது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பேன் அந்த அசைவை! கிரிவலப் பாதையில் எனக்குத் தேவைப்பட்டது அதுதான். வலது கை, அதே மணிக்கட்டு.

மாஸ்டர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசினார். "ஒருத்தர் கையைப் பிடிச்சா, நாலு விரலும் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம். ரெண்டும் சந்திக்கிற இடந்தான் பூட்டு. அங்கதான் பலம் கம்மி. அந்த சந்து வழியா இழுத்தா வரும். வேற பக்கம் எவ்வளவு இழுத்தாலும் வராது. கையால மட்டும் இழுக்காத. அதுக்குத்தான் காலைப் பின்னாடி வாங்குறோம். உடம்பு கனம் மொத்தமும் சேந்து வரணும்."

அன்றிலிருந்து கட்டா எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. குத்தும்போது இன்னொரு கையை இடுப்புக்கு இழுக்கிறோமே, அது அழகுக்கு இல்லை. "இடுப்புல இருக்கிற கை சும்மா இல்லம்மா. எதிராளி கையையோ சட்டையையோ பிடிச்சு இழுத்துட்டு வந்த கை அது" என்றார். 'பிளாக்' என்று நாங்கள் மனப்பாடம் செய்த 'உகே' என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் 'வாங்கிக்கொள்வது' என்றுதான் பொருள். நெற்றிக்கு மேலே தூக்கும் கை, மேலிருந்து வரும் அடியை வாங்கவும் செய்யும். நெருங்கி வந்தவனின் தாடையைத் தூக்கித் தள்ளவும் செய்யும். திரும்புகிற இடங்களில் எல்லாம் பின்னால் ஒரு ஆள் நிற்பதாக அர்த்தம் இல்லை. வருகிற வேகத்தின் நேர்க்கோட்டிலிருந்து விலகுவதாகவும் இருக்கலாம்.

"உனக்கு வாய்ப்பாடு நல்லா ஒப்பிக்க வருது. ஆனா கடையில மீதி சில்லறை எண்ணத் தெரியல. யாரும் கடைக்குக் கூட்டிட்டுப் போகல. அவ்ளோதான்" என்றார்.

அந்த அம்மா போட்ட சத்தம்

'பாக்ஸிங் கத்துக்கோ, கட்டா எல்லாம் வேஸ்ட்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். கட்டாவை மட்டும் தனியாகச் செய்துகொண்டிருந்தால் அது யாரையும் காப்பாற்றாது. அதற்கு நானே சாட்சி. மாஸ்டரும் அதையேதான் சொல்கிறார். முதலில் வரிசையைப் பழக வேண்டும். அடுத்து, ஒருவர் பிடிக்க இன்னொருவர் விடுவித்துப் பழக வேண்டும். மூன்றாவதாக, பிடித்தவர் சுலபமாக விடாமல், இழுத்துத் தள்ளிப் பழக வேண்டும். நான் முதல் படியிலேயே ஐந்து வருஷம் நின்றுவிட்டேன்.

அப்படியானால் முதல் படி எதற்கு? ஜோடிக்கு ஆள் எப்போதும் கிடைக்காது. மொட்டைமாடியில் தனியாக இருக்கும்போதும் பழக ஒரு வழி வேண்டும். பாஷை தெரியாத ஊரிலிருந்து நூறு வருஷம் தாண்டி ஒரு விஷயம் சிதறாமல் வந்து சேர ஒரு பெட்டி வேண்டும். ஃபுனகோஷி தன் இளமையில் மூன்று கட்டாக்களைப் பழக மட்டும் பத்து வருஷம் செலவிட்டதாகத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். இன்று சில இடங்களில் பத்துக் கட்டாவும் கறுப்பு பெல்ட்டும் மூன்று வருஷத்தில் முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் மாஸ்டரிடம் கேட்டேன். அதைக் கேட்கத்தான் போயிருந்தேன் என்று நினைக்கிறேன். "அந்த நேரத்துல உடம்பு அசையவே இல்லைன்னா மாஸ்டர்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "எனக்கும் நின்னிருக்கு. பெரிய பெரிய ஆளுங்களுக்கும் நிக்கும். திடீர்னு வந்தா உடம்பு அப்படித்தான் செய்யும். அது கோழைத்தனம் இல்ல. தப்பு பிடிச்சவன் மேல, நின்னவ மேல இல்ல" என்றார். பிறகு, "ஷோடான்ல எத்தனை இடத்துல கத்தணும்?" என்று கேட்டார்.

"ரெண்டு. ஒன்பதாவதுலயும் பதினேழாவதுலயும்."

"அது எதுக்கு?"

மார்க்குக்கு என்றுதான் நினைத்திருந்தேன். 'கியாய்' சரியாகப் போடாவிட்டால் போட்டியில் எடுபடாது.

"பயந்தா முதல்ல மூச்சு நிக்கும். மூச்சு நின்னா உடம்பு நிக்கும். கத்தினா மூச்சு வெளிய வரும், உடம்பு அவிழும். அவனுக்கும் ஒரு நொடி தடுமாறும். சுத்தி இருக்கிற நாலு பேர் திரும்புவாங்க. அடிக்கிறதைவிட அதுதாம்மா முக்கியம். கத்திட்டு ஓடு."

எனக்கு அந்த விபூதி பூசிய அம்மாவின் குரல் கேட்டது. கராத்தே என்றால் என்னவென்றே அவருக்குத் தெரிந்திருக்காது. கட்டாவில் நான் மார்க்குக்காகப் போட்ட சத்தத்தை, தேவைப்பட்ட இடத்தில் சரியாகப் போட்டவர் அவர்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இன்று அரசுப் பள்ளி மாணவிகளுக்கே தற்காப்புக் கலைப் பயிற்சி கொடுக்கிறார்கள். நல்ல விஷயம். தனியார் கிளாஸ்களும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கு, இதில் அடிபட்டவள் என்ற முறையில் நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். 'அடுத்த பெல்ட் எப்போ?' என்று கேட்பதற்கு முன்னால், 'இந்த அசைவு எதுக்கு மாஸ்டர்?' என்று பிள்ளை கேட்டால் பதில் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஜோடி போட்டுப் பழக்குகிறார்களா என்று பாருங்கள். வாய்விட்டுக் கத்தச் சொல்லித் தருகிறார்களா என்று பாருங்கள். கூடவே, பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 என்ற இரண்டு எண்களையும் வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

முக்கியமாக, என்றைக்காவது பிள்ளை வந்து 'என் கையைப் பிடிச்சாங்க' என்று சொன்னால், 'நீ ஏன் சும்மா இருந்த?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டுரை வெளியாவதற்கு முன்னால் அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அப்பா ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. மறுநாள் பரணிலிருந்து பிஸ்கட் டப்பாவை அவரே இறக்கித் துடைத்து வைத்திருந்தார்.

மொட்டைமாடிக்கு வருகிறேன். "கையை நீட்டு" என்று சொல்லி அக்கா பொண்ணின் மணிக்கட்டைப் பிடித்தேன். "இப்ப நாலாவதைச் செய்." முதல் தடவை கையால் மட்டும் இழுத்தாள், வரவில்லை. "காலையும் சேத்து" என்றேன். இரண்டாவது தடவை என் பிடி கழன்றது. அவள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! "அய்யோ சித்தி, இதுக்கா!" என்று கத்தினாள். அப்புறம் தாத்தா, ஆயா, அவள் அம்மா, பக்கத்து வீட்டுப் பையன் என்று எல்லோரும் வரிசையாக வந்து அவள் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அன்று ராத்திரி அவளையும் கூட்டிக்கொண்டு கிரிவலம் போனேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பௌர்ணமிக் கூட்டத்தில் நான் நடந்தது அதுதான் முதல் தடவை. வாயு லிங்கம் தாண்டியதும் என்னையறியாமல் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கட்டைவிரல் பக்கமாக ஒரு சின்ன இழுப்பு. கை நழுவிவிட்டது.

"நானே நடக்கிறேன் சித்தி" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.